விண்வெளியில் ஏப்பம் விடலாமா?

கேள்வி: ஈர்ப்புவிசை இல்லாத இடத்தில் விழுங்கிய உணவு எப்படி வயிற்றுக்குள் இறங்கும்?

பதில்: இறங்குவதில்லை, தள்ளப்படுகிறது. கவளத்துக்குப் பின்னால் உணவுக்குழாய்த் தசை சுருங்க, முன்னால் தளர, அலை போல உந்திக்கொண்டு போகும். தலைகீழாக நின்று விழுங்கினாலும் இதே கதைதான். இன்னொன்று: 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் பூமியின் ஈர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. கலமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை.

கேள்வி: அங்கே ஏப்பம் வருமா?

பதில்: வரும். ஆனால் காற்று தனியாக வராது, அதுதான் தொல்லை. இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தால் உணவும் அமிலமும் வயிற்றின் அடியில் தங்கும்; காற்று மேலே, உணவுக்குழாய் வாசலருகே சேரும். எடையற்ற நிலையில் மேலேது, கீழேது? காற்று குமிழ் குமிழாக உணவோடு கலந்தே கிடக்கும். வாசல் திறந்தால் திரவமும் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிடும். 'ஈர ஏப்பம்' என்பது இதைத்தான். அதனால் சோடா வகைகள் அங்கே ஆகாது. 1985-ல் சாலஞ்சர் விண்ணோடத்தில் கோக், பெப்சி இரண்டையும் தனிவகை கேன்களில் அனுப்பிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மேலே போக முடியாத காற்று குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஜன்னல் திறக்க முடியாத வீடு, பாவம்!

முதல் இரண்டு மூன்று நாள் இன்னும் மோசம். உள்காதின் சமநிலை உணர்வு குழம்பி, பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குமட்டல் வருகிறது. வயிறும் மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரை அங்கேயே தங்கிவிடலாம், வாந்தியிலும் போய்விடலாம். கடுமையான குமட்டலுக்கு ப்ரோமெதசின் ஊசியாகப் போடப்படுவது இதனால்தான்.

கேள்வி: படுத்தால் எனக்கு நெஞ்செரிச்சல் கூடுகிறது. இதற்கும் ஈர்ப்புக்கும் தொடர்புண்டா?

பதில்: உண்டு. படுத்ததும் அமிலத்தைக் கீழே பிடித்துவைக்கும் உதவி போய்விடுகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும், எரிச்சல் கூடத்தான் செய்யும். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். அப்போது வயிற்றின் பை உணவுக்குழாய் வாசலைவிடத் தாழ்வாக இருக்கும். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கருப்பாக மலம் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டையை நம்பி இருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.