டைனிங் டேபிள்ல தலைவாழை இலை போடலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: அடுத்த வாரம் சம்பந்தி வீட்டுக்காரங்க ஆறு பேர் முதல் தடவையா சாப்பிட வர்றாங்க. பெரியவங்களுக்கு முழங்கால் வலி, கீழ உட்கார முடியாது, அதனால டைனிங் டேபிள்லதான் இலை போடணும். எதை எங்க வைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்ல, ரொம்ப பயமா இருக்கு.
வாசகி, மன்னார்குடி

பதில்: பயப்படாதீங்கம்மா, தாராளமா போடலாம். மொதல்ல டேபிளை அளந்து பாருங்க. சிக்ஸ் சீட்டர்னு விக்கிறது பெரும்பாலும் 5 அடி நீளம், 3 அடி அகலம்தான் இருக்கும், பக்கத்துக்கு மூணு பேர்னா ஒருத்தருக்கு 20 இன்ச், பெரிய இலை வாங்கினா பக்கத்து இலை மேல ஏறிடும். அதனால இலைக்கடையில ஒன்றரை அடிக்குள்ள நுனி இலையா கேட்டு வாங்குங்க, நுனி இல்லாத நடுத்துண்டு, அதான் ஏடு, அது வேண்டாம், முதல் தடவையா வர்ற சம்பந்திக்கு நுனி இலை போடுறதுதான் மரியாதை.

இலையை ஈரத்துணியால ரெண்டு பக்கமும் துடைச்சுட்டு, திருப்பிப் போட்டு, முதுகுல புடைச்சுக்கிட்டு இருக்கிற நடு நரம்பை கத்தியால லேசா சீவி விடுங்க, அப்பதான் டேபிள் மேல ஆடாம படிஞ்சு உட்காரும். சீவலைன்னா ரசம் ஊத்துற நேரத்துல இலை ஒரு பக்கமா சாயும், பாவம் அவங்க மடியிலதான் போய் விழும். கண்ணாடி டேபிள்னா ஈர இலை வழுக்கும், கல்யாண மண்டபத்துல விரிக்கிற பேப்பர் ரோல் வாங்கி விரிச்சுடுங்க.

நுனி, சாப்பிடுறவங்களுக்கு இடது கை பக்கம் வரணும். இது சாஸ்திரம்னு மட்டும் நினைக்காதீங்க, நாம வலது கையால பிசைஞ்சு சாப்பிடுறோம், அகலமான பக்கம் வலது பக்கம் இருந்தாதான் கை புழங்க இடம் கிடைக்கும், குறுகலான நுனியில உப்பும் ஊறுகாயும் இருந்துக்கும். நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒரு விசேஷத்துல அவசரத்துல ஒரு வரிசை முழுக்க இலையை மாத்திப் போட்டுட்டேன், எங்க அப்பத்தா யாரையும் சத்தம் போடல, பின்னாடியே வந்து ஒவ்வொரு இலையா திருப்பி வச்சுட்டு "அவங்க கை எங்க இருக்குன்னு பாரு கண்ணு"ன்னு மட்டும் சொன்னாங்க. இன்னிக்கும் இலை போடும்போது எனக்கு அதுதான் காதுல கேக்குது.

நடு நரம்புக்கு மேல உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல், அவியல்னு இடதுல இருந்து வலதுக்கு வச்சுக்கிட்டே வாங்க, கீழ் பாதி சாதத்துக்கு. வலது கீழ் ஓரத்துல ஒரு ஸ்பூன் பாயசம், வடையும் அப்பளமும் இடது கீழ் ஓரம். ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும், உங்க மாமியார் வீட்டு வழக்கம் வேறன்னா அதையே வைங்க. தண்ணி டம்ளர் இடது மேல் மூலையில இருக்கட்டும், எச்சில் கையால யாரும் டம்ளரைத் தூக்கப் போறதில்லையே.

எல்லாரும் உட்கார்ந்து சேரை இழுத்துப் போட்ட பிறகு சாதம் வைங்க, சாதம் வச்ச இலையை நகர்த்தவே கூடாது. பருப்பு, நெய் விட்டதும் சாப்பிட ஆரம்பிப்பாங்க, அப்புறம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், கடைசியா மோர். குழம்புப் பாத்திரத்தை எல்லாம் டேபிள் நடுவுல அடுக்காதீங்க, பக்கத்துல ஒரு ஸ்டூல்ல வச்சுட்டு, ஆளுக்கு இடது பக்கமா வந்து பரிமாறுங்க, சாப்பிடுற கையில முட்டாது. அவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்காம, இலையைப் பார்த்தே போடுங்க, அதுதான் உபசரிப்பு.

கேள்வி: ஜெர்மனியில இருந்து பையர்ஸ் வீட்டுக்கு டின்னர் வர்றாங்க. ஸ்பூன், ஃபோர்க் எல்லாம் எந்தப் பக்கம் வைக்கணும்?
வாசகர், திருப்பூர்

பதில்: தட்டுக்கு இடது பக்கம் ஃபோர்க். வலது பக்கம் கத்தி, கூர் தட்டைப் பார்த்து இருக்கணும், அதுக்கு வெளிய சூப் ஸ்பூன். வெளியில இருந்து உள்ள எடுத்துக்கிட்டே வர்றதுதான் அவங்க வழக்கம். கத்தி நுனிக்கு மேல தண்ணி கிளாஸ். நீங்க சமைக்காத ஐட்டத்துக்கு எல்லாம் கத்தி, ஸ்பூன் அடுக்க வேண்டாம். இலை போட்டாலும் சந்தோஷமா சாப்பிடுவாங்க சார், பக்கத்துல ஒரு ஸ்பூன் மட்டும் வச்சுடுங்க.

கேள்வி: சாப்பிட்டு முடிச்சதும் இலையை எந்தப் பக்கம் மூடணும்?
வாசகி, தேனி

பதில்: விசேஷ வீட்டுல மேல் பாதியை நம்ம பக்கமா இழுத்து மூடணும், துக்க வீட்டுல மட்டும்தான் எதிர்ப்பக்கமா மூடுவாங்க. வெளியூர்க்காரங்க, சின்னப் பசங்க தெரியாம மாத்தி மூடிட்டா பந்தியில வச்சு சொல்லிக் காட்டாதீங்க, பேசாம இலையை எடுத்துட்டு கை கழுவ தண்ணி கொடுங்க.