எந்த மாதம் கப்பல் ஏறலாம்?

கேள்வி: நாங்கள் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மாமனார், மாமியார், நானும் கணவரும், பத்தாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன் என்று ஆறு பேர். மாமனாருக்கு வரும் ஆவணியில் எழுபது வயது. திருக்கடையூரில் சாந்தி செய்வது உறுதி. அதோடு குடும்பமாக ஒரு சொகுசுக் கப்பலில் நாலைந்து நாள் போய்வர வேண்டும் என்று என் கணவருக்கு ரொம்ப நாள் ஆசை. அரையாண்டு விடுமுறையில் சென்னையிலிருந்து போகலாம் என்கிறார். பிள்ளைகள் கோடை விடுமுறை என்கிறார்கள். மாமனாரின் அப்பா அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அதனால் மாமனாருக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால் "நெல் வயலில் நிற்கும்போது என்னைக் கூப்பிடாதே" என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி, கடல் என்றாலே பயம். எந்த மாதம் போனால் எல்லோருக்கும் சரிப்படும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் வீட்டில் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள், எல்லோர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மாதத்திலிருந்து தொடங்கினால் பேச்சு முடியாது. முதலில் எந்தக் கடல் என்று பாருங்கள். வங்கக் கடலுக்கு ஒரு காலம் நல்லது, அரபிக் கடலுக்கு வேறு காலம். கடல் முடிவானால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதியை உங்கள் வயலும் பிள்ளைகளின் பரீட்சையும் முடிவு செய்துவிடும்.

டிசம்பரை முதலில் ஒதுக்கிவிடுகிறேன், உங்கள் கணவர் வருத்தப்பட வேண்டாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடல் என்ன செய்யும் என்று மன்னார்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியதை அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. புயல் வராத வருஷத்திலும் வாடைக்காற்று ஓயாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கினார்கள். பருவமழை வருகிறது என்று சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது, மழைக்காலம் வந்ததும் மறுபடி நின்றது, 2025 பிப்ரவரியில்தான் திரும்பக் கிளம்பியது.

பெரிய கப்பலுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று உங்கள் கணவர் கேட்கலாம். கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பவர்கள்தான் படுத்துவிடுவார்கள். கடல் கொந்தளிக்கும் நாளில் நீச்சல் குளத்துத் தண்ணீரை இறக்கி வலை கட்டிவிடுவார்கள். லிஃப்ட் வாசலில் வாந்தி எடுப்பதற்கான காகிதப் பைகளைக் கொத்தாகச் செருகி வைப்பார்கள். அறைத் திரை தானாக ஒரு பக்கம் போகும், திரும்பி வரும். நடைவழியில் கைப்பிடியைப் பிடிக்காமல் நடக்க முடியாது. முழங்கால் வலிக்காரருக்கு அது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், வானிலை சரியில்லை என்றால் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகக் கேப்டனுக்கு முழு உரிமை உண்டு. டிக்கெட்டின் நிபந்தனைகளிலேயே அது இருக்கும். அதற்காக முழுப் பணத்தையும் திருப்பித் தர மாட்டார்கள்.

டிசம்பர் கடைசியில் சம்பா வேறு கதிர் வாங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மழை அடித்தால் பயிர் சாயும், வடிகாலைப் பார்க்க வேண்டும். உங்கள் மாமனார் கப்பலில் உட்கார்ந்து போனில் வயலைத்தான் விசாரித்துக்கொண்டிருப்பார். அவருக்காகப் போகும் பயணத்தில் அவர் மனசு கப்பலில் இருக்க வேண்டாமா?

பொங்கல் முடிந்து மார்ச் வரை கடலைப் பொறுத்தவரை தங்கமான காலம். கிழக்கிலும் மேற்கிலும் காற்று அடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. வயலும் பரீட்சையும் இல்லாத குடும்பமாக இருந்தால் பிப்ரவரியில் போங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். உங்களுக்கு அது வாய்க்காது. தை, மாசியில் சம்பா அறுப்பு, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்பு, அதற்குள் உளுந்து தெளிப்பு. மகளுக்கோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இன்னொரு வாய்ப்பு. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும்போது, மும்பைப் பக்கம் ஓடும் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னைக்கு வந்து ஓடியிருக்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணம் தொடங்கியது. அந்த மாதங்களில் திருகோணமலைப் பக்கம் நன்றாக இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரைக்கு மழை நம்மைப் போல வடகிழக்குப் பருவக்காற்றில்தான். தெற்குக் கரையான அம்பாந்தோட்டையில் அப்போது அலை கூடுதல். ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் உங்கள் வீட்டில் குறுவை நடவு, பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். இந்தக் காலம் வயலில்லாத சென்னைக் குடும்பங்களுக்குப் பொருந்தும். காலாண்டு விடுமுறையில் குறுவை அறுப்பு வந்து நிற்கும், அதனால் அதையும் விட்டுவிடலாம்.

ஆக, உங்களுக்கு மிஞ்சுவது சித்திரை. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே 10 வரை. பொதுத்தேர்வு முடிந்து மகள் முடிவுக்காகக் காத்திருப்பாள். உளுந்து, பயறு எடுத்து முடித்திருப்பீர்கள். குறுவைக்கு நாற்றங்கால் இன்னும் விட்டிருக்க மாட்டீர்கள். பீமரத சாந்தியை ஆவணியில் நட்சத்திரம் பார்த்துச் செய்துகொள்ளுங்கள். கப்பல் பயணம் அதற்கு முன்னால் வருவதில் தவறில்லை. மே மாதத்திலும் வங்கக் கடலில் புயல் பிறக்கும். பெரும்பாலும் ஒடிசா, வங்காளம் பக்கம் போகும் என்றாலும் அந்த மாதத்தில் அந்தக் கடலை நான் சொல்ல மாட்டேன். நான் சொல்வது லட்சத்தீவு அல்லது சிங்கப்பூர்.

லட்சத்தீவுக் கடல் மாதிரி நிறமும் தெளிவும் நம் பக்கம் கிடையாது. கொச்சியிலிருந்து கப்பல், திருவாரூர், தஞ்சாவூர் வழியாக எர்ணாகுளத்துக்கு ரயிலும் இருக்கிறது. மே நடுப்பகுதி வரைதான் அங்கே பயணக் காலம், அதற்குப் பிறகு மழை. தீவுக்கு அனுமதிச்சீட்டும் வாங்க வேண்டும். எனக்குத் தயக்கம் ஒரே ஒரு விஷயத்தில். பெரிய கப்பல் தீவை ஒட்டி வந்து நிற்காது. பவளப்பாறைக்கு வெளியே ஆழத்தில் நிற்கும், அங்கிருந்து படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் நின்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். படகு மேலே வரும் நொடியில் காலை எடுத்து வைக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் குதித்துவிடுவார்கள். உங்கள் மாமியார் அந்த இடத்தில் நின்றுவிட்டால் அன்றைய பொழுது முழுக்கக் கப்பலிலேயே தனியாக இருக்க வேண்டியதுதான். அவர் முழங்காலுக்கு லட்சத்தீவு வேண்டாம்.

அதனால் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். திருச்சியிலிருந்து நேர் விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கிருந்து வருஷம் முழுக்கக் கப்பல்கள் கிளம்புகின்றன. மூன்று, நான்கு இரவுப் பயணங்களே அதிகம். பினாங்குக்குப் போகும் வழி மலாக்கா நீரிணை. அதற்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேயா. திறந்த கடலின் பெரிய அலை அங்கே வராது. மே மாதத்தில் சில விடியற்காலைகளில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் வந்து சட்டென்று ஓய்ந்துவிடும், அவ்வளவுதான். பினாங்கு போகும் பயணமாகப் பார்த்து எடுங்கள். ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் கப்பல் மேடையை ஒட்டியே நிற்கும். மாமியார் படகில் இறங்க வேண்டியதில்லை, பாலம் வழியாக நடந்து கரைக்குப் போகலாம். உங்கள் மாமனார் தன் அப்பா இறங்கிய ஊரில் கடல் வழியாகவே போய் இறங்குவார். எழுபதாம் வயதில் ஒரு மனிதருக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்?

கட்டண விஷயத்திலும் இந்த மாதம் உங்களுக்குச் சாதகம். சிங்கப்பூர்க் கப்பல்களின் விலை அந்த ஊர்ப் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் ஏறும். அவர்களுக்கு நீண்ட விடுமுறை ஜூனிலும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரையிலும். நமக்குக் கோடை விடுமுறை ஓடும் ஏப்ரல் கடைசியில் அங்கே பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மே தினத்தை ஒட்டிய வாரக் கடைசியை மட்டும் தவிர்த்து, வார நடுவில் கிளம்பும் கப்பலைப் பாருங்கள். விமானம் அப்படி இல்லை. மே மாதம் திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட் சூடாக இருக்கும், தைப் பொங்கலுக்குள் எடுத்துவிடுவது நல்லது. விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான கட்டணம். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான தினப்படி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசுங்கள். கப்பல் கிளம்புவதற்கு முந்தைய நாளே சிங்கப்பூரில் இருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

மாமியாரின் பயத்துக்கு வருவோம். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரிவது அங்கேதான். முன் நுனியும் மேல் தளமும் பார்க்க அழகு, படுக்க நன்றாக இராது. லிஃப்டுக்குப் பக்கமாகவும் இருக்கட்டும். குமட்டல் மாத்திரையை அவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளோடு சேர்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். அதைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்க விடாதீர்கள். தலை சுற்றினால் அறைக்குள் படுக்க வைக்காமல் வெளித்தளத்தில் உட்கார வைத்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒரு படகுச் சவாரி கூட்டிப்போய்ப் பழக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். போய்வாருங்கள், நல்ல இடம். ஆனால் அந்த அமைதியான தண்ணீரை வைத்துக் கடலைக் கணிக்க முடியாது.

உடனே செய்ய வேண்டியது பாஸ்போர்ட். பெரியவர்கள் இருவருக்கும் ஆதாரில் ஒரு மாதிரி, பத்திரத்தில் ஒரு மாதிரி பெயர் இருக்கும். முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். திருத்தம் என்று ஆரம்பித்தால் அதற்கே மாதங்கள் ஓடிவிடும். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஆறு பேர் கையிலும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் விசா வரும்போது, ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கிறதா என்று பாருங்கள். கப்பல் பினாங்கு போய்த் திரும்பி வரும்போது நீங்கள் இரண்டாம் முறையாக அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள். மலேசியாவின் நுழைவு விதியையும் பதிவு செய்யும் நாளில் கப்பல் நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள், இதெல்லாம் அவ்வப்போது மாறும்.