தோட்டத்துக் கஷ்டத்தைத்தான் எழுத வேண்டுமா?

கேள்வி: அக்கா, நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கிறேன். பொருளியல் படிக்க ஆசை. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன், இரண்டுக்கும் என்னைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். பாட்டி பால் மரம் வெட்டியவர். "தோட்டத்துக் கஷ்டத்தை உருக்கமாக எழுது, இடம் கிடைக்கும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. ஆனால் வேறு என்ன இருக்கிறது என்னிடம்? பள்ளி, வீடு, மாதக் கடைசியில் அப்பாவின் சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான். மாதிரிக் கட்டுரை ஏதாவது அனுப்ப முடியுமா?

பதில்: மனமில்லை என்றால் எழுத வேண்டாம், தங்கச்சி. உங்கள் தயக்கம் நியாயமானது. பாட்டி விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போனது பாட்டியின் உழைப்பு. அதை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும், படிக்கிறவருக்குப் பாட்டியைப் பற்றித்தான் தெரியவரும். அவர் தெரிந்துகொள்ள நினைப்பது உங்களை. நீங்கள் எதைக் கவனிக்கிறீர்கள், எதைக் கண்டால் உங்களுக்குக் கேள்வி எழுகிறது, அதற்கு என்ன செய்தீர்கள் என்பதை.

அதற்காகக் குடும்ப நிலைமையை மறைக்கச் சொல்லவில்லை. அதற்குத் தனி இடமே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பல பயன்படுத்தும் காமன் ஆப் விண்ணப்பத்தில், சிரமங்களையும் சூழ்நிலையையும் சொல்ல ஒரு பகுதி உண்டு. வீட்டு வருமானம், பள்ளிக்கு உள்ள தூரம், இணைய வசதி இல்லாதது எல்லாவற்றையும் அங்கே நேரடியாக, கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். கட்டுரையில் இரண்டு வரி போதும்.

சரி, கட்டுரைக்கு என்ன? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டி மேலே படிக்க மனம் வரவில்லை. எந்த வயதில் தொடங்கினீர்கள்? முதலில் எந்த வரி புரியவில்லை? ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போகிறது, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குக் கொஞ்சம் போகிறது, மீதிப் பிடித்தங்கள் எதற்கு என்று யாரிடம் கேட்டீர்கள்? அப்பா வீட்டில் குறித்து வைத்த குலைக் கணக்கும் சீட்டில் இருந்த கணக்கும் ஒத்துப்போகாத மாதம் ஏதாவது உண்டா? அப்போது கிராணியிடம், அதாவது தோட்ட அலுவலக எழுத்தரிடம், போய்க் கேட்கலாம் என்றீர்களா? அப்பா வேண்டாம் என்று தடுத்தாரா? அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் சீட்டைக் கொண்டுவந்து காட்டுகிறார்களா?

இவற்றுக்குப் பதில் எழுதிப் பாருங்கள், கட்டுரையாக வேண்டாம், வெறும் பதிலாக. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மகள், கிராணியின் மரியாதை கெடக் கூடாது என்று நினைக்கிற அப்பா. இப்படி ஒரு இழுபறி உங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்திருந்தால், அதுதான் உங்கள் கட்டுரை. நடக்கவில்லை என்றால் கற்பனை செய்யாதீர்கள். கேட்காமல் விட்டதையும் எழுதலாம், ஏன் விட்டீர்கள் என்று யோசித்து எழுதினால்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே கட்டுரை ஒத்துவராது. காமன் ஆப்பில் 250 முதல் 650 சொற்கள், நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதுதான் விஷயம். இங்கிலாந்துப் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பான யூகாஸ் இப்போது ஒரே நீள அறிக்கையைக் கேட்பதில்லை. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள்: இந்தப் பாடம் ஏன், படிப்பு உங்களை எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்த்து, இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. அங்கே பாடத்தின் மேல் உள்ள ஈடுபாடுதான் பேச வேண்டும். அதே சம்பளச் சீட்டு இங்கேயும் உதவும், வேறு விதமாக. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் மாத வருமானம் அதற்குக் குறையக் கூடாது. அப்படியானால், மழையால் வெட்டு குறைந்த மாதத்தில் என்ன ஆகிறது? குலைக்குக் கூலி கொடுப்பதால் யாருக்கு என்ன லாபம்? எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) பொருளியலில் படித்ததை வைத்து இதை நீங்களே அலசினால், பாடத்தின் மேல் ஆர்வம் என்று தனியாகச் சொல்லவே தேவையில்லை.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூபியூவில் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. தேர்ச்சிக்கு 90, புறப்பாடத்துக்கு 10 என்று மெரிட் புள்ளியைக் கணக்கிடுகிறார்கள்.

இனி, நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது. தமிழ்ப்பள்ளியிலிருந்தே ஒரு முறையில் கட்டுரை எழுதப் பழகியிருக்கிறோம். திருக்குறளோ பழமொழியோ போட்டுத் தொடங்குவது, பத்திக்கு ஒரு கருத்து, கடைசியில் "ஆகவே" என்று ஒரு அறிவுரை. மலாய்க் கட்டுரையிலும் பெரிபஹாசா (மலாய்ப் பழமொழி) சேர்த்தால் ஆசிரியருக்கு மகிழ்ச்சி. தேர்வுக்கு அது பயன்பட்டது, நன்றி. இங்கே அதை விட்டுவிடுங்கள். "கல்வியே என் குடும்பத்தை உயர்த்தும் என உணர்ந்தேன்" என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "மூன்றாவது வரிசையில் இருந்த 38 ரிங்கிட் எதற்கு என்று அப்பாவுக்கும் தெரியவில்லை" என்பதை அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தவர்தான் எழுத முடியும்.

ஆங்கிலத்தில் நேரடியாக உட்கார்ந்தால் பாடப்புத்தக வாக்கியங்கள்தான் வரும். முதலில் கைப்பேசியில் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள், தோழிக்குச் சொல்வதுபோல. அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கிராணி, லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) போன்ற சொற்களை அப்படியே வைத்து அரை வாக்கியத்தில் விளக்கினால் போதும்.

மாதிரிக் கட்டுரை அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்தால் அதன் நடை உங்களுக்குள் புகுந்துவிடும். யூகாஸ் ஒவ்வொரு அறிக்கையையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் எழுத்தாக அனுப்புவதை காமன் ஆப் மோசடி என்றே வகைப்படுத்தியிருக்கிறது. முடித்த பிறகு உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியரிடம் கொடுத்து, "இது நான் பேசுவதுபோல் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்துப் பேரும் திருத்துவார்கள், கடைசியில் உங்கள் குரலே இருக்காது.

இன்னொன்று. சீட்டு அப்பாவுடையது, வேலையும் அவருடையது. தோட்டத்தின் பெயரும் கிராணியின் பெயரும் கட்டுரையில் வேண்டாம். அனுப்புவதற்கு முன் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ஏதாவது ஒரு தொகையோ சம்பவமோ வெளியே போகக் கூடாது என்று அவர் நினைத்தால் எடுத்துவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான கடைசி நாள் பலவற்றுக்கு ஜனவரித் தொடக்கத்திலும், யூகாஸுக்கு ஜனவரி நடுவிலும் வரும். அதனால் இந்தப் பேச்சை நவம்பரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.