அல்ட்ரா ஏடிஏ 100 வன்வட்டும் கிகாபிட் வலையமைப்பும்

வணக்கம். அல்ட்ரா ஏடிஏ என்னும் பழைய இணைப்பு முறை கொண்ட வன்வட்டுக்கு 100 என்றும் வலையமைப்பு அட்டைக்கு 1000 என்றும் குறித்திருப்பதால், பின்னது பத்து மடங்கு வேகமானது என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். முன்னது நொடிக்கு மெகாபைட், பின்னது நொடிக்கு மெகாபிட், ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 100-ஐ 8-ஆல் பெருக்கி, 800 மெகாபிட் என்று வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். அந்த 800-உம் இணைப்பு வடத்தின் உச்ச வரம்பே தவிர, வட்டு சுழன்று தரும் வேகம் அன்று. 2002-ஐ ஒட்டி வந்த நிமிடத்துக்கு 7200 சுழற்சி கொண்ட வட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 40 மெகாபைட், அதாவது 320 மெகாபிட் அளவில்தான் தொடர்ந்து படித்தன. ஆகவே நகலெடுக்கும்போது உங்களைக் காக்க வைப்பது வட்டுதான். புதிய வடம் வாங்குவது வீண் செலவு. நீங்கள் கேட்ட, பின்னர் வந்த இணைப்பு முறையான சாட்டா கொண்ட வட்டுக்கு மட்டும், பிட்டைப் பைட்டாக்க 8-ஆல் வகுக்காமல் 10-ஆல் வகுங்கள்: ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்பும் குறியீட்டு முறையால், அதன் 1.5 கிகாபிட் 150 மெகாபைட்டாகவே கிடைக்கும்.