மேடிசனா, டெ மொயினா?

கேள்வி: சிகாகோ புறநகரில் ஏழு ஆண்டுகளாக வசிக்கிறோம். என் கணவருக்கு ஐயோவா மாநிலத்தின் டெ மொயினில் ஒரு காப்பீட்டு நிறுவனத்திலும், விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலும் வேலை கிடைத்திருக்கிறது. நான் நுண்ணுயிரியல் படித்தவள். கைக்குழந்தை இருப்பதால் இப்போது வேலைக்குப் போகவில்லை. டெ மொயினில் வீடு மலிவு என்கிறார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமாஹாவையும் சிலர் சொல்கிறார்கள். எங்கே குடியேறலாம்?
– ஒரு வாசகி, இல்லினாய்

பதில்: வீட்டு விலையும் வரியும் மட்டுமே கணக்கு என்றால் டெ மொயின்தான். ஐயோவாவில் 2025 முதல் வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதமாக 3.8 சதவீதம், விஸ்கான்சினில் அது வருமானத்தோடு ஏறி, உச்சத்தில் 7.65 சதவீதத்தைத் தொடுகிறது. மேடிசனின் நடுநகரம் மென்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு இடைப்பட்ட குறுகலான நிலத்தில் அமைந்திருப்பதால் அங்கே கட்டுவதற்கு இடம் குறைவு. வந்து சேர்பவர்களோ அதிகம்.

ஆனால், சகோதரி, உங்கள் படிப்பைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1848இல் தொடங்கிய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களும், அவற்றைச் சுற்றி வளர்ந்த புரொமேகா போன்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களும் மேடிசனை நுண்ணுயிரியல் படித்தவருக்கு ஏற்ற ஊராக ஆக்கியிருக்கின்றன. டெ மொயின் பக்கத்திலும் வாய்ப்பு இல்லாமல் இல்லை: ஜான்ஸ்டனில் விதை ஆராய்ச்சி நடக்கிறது, வடக்கே ஏம்ஸில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் கால்நடை நோய்களுக்கான மத்திய அரசின் ஆய்வு மையமும் உள்ளன. எனினும் ஏம்ஸுக்குத் தினமும் முக்கால் மணி நேரம், பனிக்காலத்தில் அதற்கும் மேல், கார் ஓட்ட வேண்டியிருக்கும். உங்கள் கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் என்றால், வேலையை இழக்க நேரும்போது மாற்று ஏற்பாட்டுக்கு அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். உங்களுக்கும் வேலை செய்யும் அனுமதியும் ஒரு சம்பளமும் இருந்தால் அந்த 60 நாளைத் தாங்கும் தெம்பு குடும்பத்துக்கு இருக்கும்.

கைக்குழந்தை என்று எழுதியதால் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெ மொயினின் குடிநீர் பெரும்பாலும் ரக்கூன், டெ மொயின் ஆறுகளிலிருந்து வருகிறது. மேல்பகுதியில் உள்ள சோள வயல்களில் இடும் உரத்தின் நைட்ரேட், நிலத்தடி வடிகால் குழாய்கள் வழியாக இந்த ஆறுகளில் கலக்கிறது. அதைப் பிரிப்பதற்கென்றே அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலை 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. 2025 ஜூனில் ஆற்றில் நைட்ரேட் மிகவும் கூடியபோது, ஆலை ஈடுகொடுப்பதற்காகப் புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சுவதைத் தடைசெய்தார்கள். குழாயில் வரும் நீர், லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் அடங்கிய நைட்ரஜனின் அளவு) என்ற சட்ட வரம்புக்குள் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆயினும் நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும் என்பதால், பால் மாவு கரைத்துக் கொடுக்கும் தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைப்பது நமக்குக் கைவந்த பழக்கம். அது கிருமியைக் கொல்லுமே தவிர நைட்ரேட்டை நீக்காது, நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி பொருத்திக்கொள்ளுங்கள். நகருக்கு வெளியே கிணற்றுநீர் உள்ள வீட்டை வாங்குவதானால், பரிசோதனை முடிவைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். மேடிசன் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து குடிநீர் எடுக்கிறது. ஆனால் கோடையில் அதன் ஏரிகளில் நச்சுப்பாசி படர்வதுண்டு, அப்போது குழந்தையை நீரில் இறக்கக் கூடாது.

சிகாகோ நட்பும் உறவும் விட்டுப்போகக் கூடாது என்றால், மேடிசனிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம். டெ மொயினிலிருந்து ஐந்து மணி நேரமாவது ஆகும். இரண்டு ஊருக்குமே பயணிகள் ரயில் கிடையாது. ஓமாஹா இவற்றைவிடப் பெரிய நகரம், பெரிய மருத்துவப் பல்கலைக்கழகமும் உண்டு. ஆனால் கையில் வேலை இல்லாமல் அங்கே போவதற்கு உங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை.

என் தேர்வு மேடிசன். இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருங்கள். கணவர் கையெழுத்திடும் முன்பே அங்குள்ள இரண்டு மூன்று ஆய்வகங்களுக்கு உங்கள் விவரங்களை அனுப்பிவிடுங்கள்.