ஜிசியில் (கலவைகளை ஆவியாக்கிப் பிரித்தறியும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில்) இரண்டு கேப்பிலரி (மெல்லிய நுண்துளை) குழாய்களைக் கசியாமல் இணைப்பது எப்படி?

கார்டு குழாயையும் (முன்னால் நின்று அழுக்கைப் பிடிக்கும் காப்புக் குழாய்) கலவையைப் பிரிக்கும் பகுப்புக் குழாயையும் கண்ணாடி பிரஸ்ஃபிட் கனெக்டரில் (அழுத்திச் செருகும் இணைப்பான்) இணைத்தால் கசிகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தப்பு வெட்டில்தான் இருக்கும்.

கனெக்டரின் உள்துளை இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். குழாயின் பாலிஇமைடு (பழுப்பு நிற பிளாஸ்டிக்) மேல்பூச்சு அந்தச் சரிவில் அழுந்தித்தான் வாயு கசியாத அடைப்பு உண்டாகிறது. நுனி சாய்வாகவோ பிசிறாகவோ இருந்தால் எவ்வளவு அழுத்தியும் பிரயோஜனமில்லை. செராமிக் வில்லையால் லேசாக ஒரே ஒரு கீறல் போட்டு, கீறல் விரியும்படி வளைத்து ஒடியுங்கள். அறுக்கவே கூடாது. நுனி கீழ்நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் துகள் உள்ளே போகாது. லென்ஸில் பாருங்கள், வெட்டு நேராக இல்லையென்றால் இரண்டு சென்டிமீட்டர் போனால் போகட்டும், மறுபடி வெட்டுங்கள்.

நுனியை மெத்தனாலில் நனைத்துத் துடைத்து, ஈரம் காயும் முன் நேராகச் செருகி அழுத்துங்கள். கண்ணாடி வழியே பழுப்பு வளையம் முழுதாகச் சுற்றித் தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அங்கங்கே விட்டுத் தெரிந்தால் கழற்றிவிடுங்கள். அப்புறம் ஹீலியத்தை ஓடவிட்டு, மின்னணுக் கசிவுக் கருவியால் சோதியுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது உள்ளே போனால் குழாயே பாழ்.

சரி, கனெக்டரை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். ஜிசிக்குள் குழாயைச் சூடாக்கும் அடுப்பின் விசிறிக் காற்றில் ஆடி ஆடியே இணைப்பு தளர்ந்துவிடும்.