இந்தத் துணிக்கு டார்கெட் கிடையாது

கேள்வி: எனக்கு 61 வயது. 22 வருஷம் லிசினில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்தேன். சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது என் வேலை. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். 2006-இல் லிசின் மூடிய பிறகு மெஷினைத் தொடவே இல்லை. இப்போது இரண்டு வருஷமாகச் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து, பழைய படுக்கை விரிப்புத் துண்டு ஒன்றில் கையால் தைக்கிறேன். பூவும் இல்லை, படமும் இல்லை. வரிவரியாக ஊசி போய்க்கொண்டே இருக்கும். சில நாள் தைத்ததைப் பிரித்தும் விடுவேன். அது என்னவாக ஆகும் என்று எனக்கே தெரியாது. எதுவாகவும் ஆக வேண்டாம் என்றுதான் இருக்கிறது. குஷன் உறையாகத் தைத்தால் விற்றுத் தருகிறேன் என்கிறாள் மகள். "நூலுக்குக் காசு, கண்ணுக்குக் கேடு, கடைசியில் ஒன்றும் இல்லை" என்கிறார் வீட்டுக்காரர். அவர் ஞாயிறுதோறும் தமரின் கடற்கரைக்குத் தூண்டிலோடு போய் வெறுங்கையோடு வருகிறவர்! நான் செய்வது வீண் வேலையா? துணியைப் படம் எடுத்து அனுப்பட்டுமா?
— பெயர் வேண்டாம், கியூர்பீப், மொரீஷியஸ்

பதில்:

அன்புச் சகோதரி,

வீண் வேலைதான். இருந்துவிட்டுப் போகட்டுமே.

உங்கள் வீட்டுக்காரர் தமரினில் செய்வது மட்டும் என்ன? மீன் வேண்டுமென்றால் சந்தையில் கிடைக்கும். அவர் போவது அலையைப் பார்த்துக்கொண்டு கையில் ஒரு கயிற்றைப் பிடித்திருப்பதற்கு. நீங்கள் பிடித்திருப்பது நூல். அவர் வெறுங்கையோடு வந்தால் "இன்றைக்கு மீன் இல்லை" என்று சொல்லி வீடு சிரித்துவிடுகிறது. நீங்கள் வெறுந்துணியோடு எழுந்தால் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். பெண்பிள்ளை கையில் ஊசி இருந்தால் அது கிழிசல் தைக்கவோ காசு சம்பாதிக்கவோதான் என்று நம் வீடுகளில் நினைத்துப் பழகிவிட்டார்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள். ஒரு ஞாயிறு அவரோடு தமரினுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து தையுங்கள். அதற்குமேல் அவரிடம் விளக்கம் சொல்லத் தேவை இருக்காது.

மகள் விஷயம் வேறு. அவள் சொல்வது அன்பால்தான், ஆனால் அதில்தான் எனக்குப் பயம்.

1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு இந்தத் தீவில் எத்தனை வீட்டுப் பெண்கள் விடியற்காலை லிசின் பஸ்ஸில் ஏறினார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே அந்த பஸ்ஸில் இருந்தவர். அந்தச் சம்பளம் வீட்டைக் கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. பிறகு பணக்கார நாடுகள் துணிக்கு வைத்திருந்த கோட்டா, அதாவது எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வாங்கலாம் என்ற வரம்பு, 2004 கடைசியோடு முடிந்தது. அதை ஒட்டி இங்கே லிசின்கள் வரிசையாக மூடின. உங்களுடையதும் அந்த அலையில் போனதாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு: 22 வருஷமும் சட்டைக்குக் கை மட்டும் வைத்திருக்கிறீர்கள். காலர் வேறொருத்தி, பொத்தான் வேறொருத்தி. ஒரு சட்டையை ஆரம்பித்து முடிக்கிற வேலை உங்களுக்கு வந்ததே இல்லை. உங்கள் கையில் ஒரு பீஸ் முடிந்தது என்றால் அடுத்த பீஸ் வந்தது என்றுதானே அர்த்தம்? அப்படிப்பட்ட கை, ஓய்வு கிடைத்ததும் முடியாத ஒரு துணியைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதில் குஷன் உறையைக் கொண்டு வந்து வையுங்கள். முதலில் ஒன்று தைப்பீர்கள். பிறகு ஜோடியாகக் கேட்பார்கள். ஒருத்தருக்கு நீலம் வேண்டும், இன்னொருத்தருக்குத் தீபாவளிக்கு முன்னாலே வேண்டும். வராந்தாவுக்கே லிசின் வந்துவிடும், சூப்பர்வைசராக உங்கள் மகள்! காசு தேவைப்பட்டு விற்பது வேறு விஷயம். அதில் வெட்கமே இல்லை. ஆனால் காசு தேவை என்று கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். என்னிடமும் இப்படி ஒரு துணி இருந்தது. டீக்கறை பட்ட இடத்தைச் சுற்றிச் சுற்றிச் சங்கிலித் தையல் போட்டு வைத்திருந்தேன், குளத்தில் கல் விழுந்த மாதிரி. நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருத்தி, ஆசையாக, என்னிடம் சொல்லாமல் அதை எடுத்துப்போய்த் தலையணை உறையாகத் தைத்துக் கொண்டு வந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பின்பக்கம் உள்ளே போய்விட்டது. நான் அடிக்கடி திருப்பிப் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்: நூல் எங்கே தாவியது, எங்கே முடிச்சு, எந்த இடத்தில் பொறுமை போனது எல்லாம் அங்கே தெரியும். அந்தத் தலையணை இப்போது சோபாவில் இருக்கிறது. விருந்தாளிகள் சாய்ந்துகொள்கிறார்கள்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. தைத்ததைப் பிரிப்பேன் என்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை. பிரிப்பதும் ஒரு சுகம் என்றால் தாராளமாகப் பிரியுங்கள். நூல் துணியை விட்டு வரும் அந்தச் சின்னச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் வரி கோணலாகப் போனதால், ஒரு தையல் மற்றதைவிடக் கொஞ்சம் நீண்டதால் பிரிக்கிறீர்கள் என்றால் கையை நிறுத்துங்கள். லைன் கடைசியில் உட்கார்ந்து பீஸைத் திருப்பி அனுப்பும் செக்கர் இன்னும் உங்கள் கண்ணுக்குள்ளே இருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ஒரு மாசம் எதையும் பிரிக்காமல் தைத்துப் பாருங்கள். கோணல் அப்படியே இருக்கட்டும். அடுத்த வரி அதை ஒட்டி வளைந்து போகும். எனக்குப் பிடித்த இடங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

கொஞ்சம் ஊசி நூல் விஷயமும் பேசிவிடலாம், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து. மெஷின் நூல் கைத்தையலுக்குக் கொஞ்சம் விறைப்பு. கடையில் கிடைக்கும் எம்பிராய்டரி நூல் கண்டு பெரும்பாலும் 8 மீட்டர், அதில் ஆறு இழை இருக்கும். இரண்டு இழை போதும். மொத்தமாக உருவாமல் ஒவ்வொன்றாக உருவிச் சேர்த்தால் சிக்காது. நீளம் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். தைக்கத் தைக்க நூலில் முறுக்கு ஏறும். அப்போது துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள், தானே சுழன்று முறுக்கு அவிழும். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், அதற்காகவே சில நாள் கூடுதலாகத் தொங்கவிடுவதும் உண்டு. எம்பிராய்டரி ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும். நம் வயதுக்கு 7 சரியாக இருக்கும், காதும் கண்ணுக்குத் தெரியும். பாலியஸ்டர் கலந்த விரிப்பு ஊசியோடு மல்லுக்கு நிற்கும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டி கிடைத்தால் விடாதீர்கள். கியூர்பீப் மழை ஈரத்தில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் துருக்கறை இருக்கும். ஒரு கம்பளித் துண்டில் குத்தி வையுங்கள். கண்ணைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னது மட்டும் நியாயம்: பொழுது சாய்ந்த பிறகு கறுப்புத் துணி வேண்டாம்.

நூலுக்குக் காசு என்கிறாரே, அதற்கும் வழி உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி வைத்துக் காந்தா தைக்கும்போது, அந்தச் சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவிக்கொள்வார்கள். உங்கள் பீரோவில் கரை மட்டும் நன்றாக இருக்கும் பருத்திச் சேலை ஒன்றாவது இருக்கும். உருவுவதற்கே ஒரு சாயங்காலம் போகும். அதுவும் நல்ல சாயங்காலம்தான்.

தையல் வகை நிறையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் போடும் ஓடு தையல் ஒன்றே போதும். அலுத்தால் மீன்முள் தையல் போட்டுப் பாருங்கள். அது இடமிருந்து வலம் போகும், ஆனால் ஊசி முனை இடப்பக்கம் பார்த்திருக்கும். முதல் நாள் மூளை குழம்பும், இரண்டாம் நாள் கை கண்டுபிடித்துவிடும்.

துணி நிறைந்துவிட்டால்? தைத்ததன்மேலேயே தையுங்கள். தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி நாமெல்லாம் உட்கார்ந்து காவடிக்குப் பூ கட்டுகிறோமே, மறுநாள் வாடிவிடும் என்று தெரிந்தும் யாராவது கை சோர்ந்திருக்கிறோமா? (சாமி காரியத்தையும் உங்கள் விரிப்புத் துண்டையும் ஒன்றாகச் சொல்லலாமா என்று எங்கள் வீட்டுப் பெரியவர் கேட்டார். சொல்லலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.)

மகளிடம் வாதம் வேண்டாம். அடுத்த முறை குஷன் பேச்சை எடுத்தால், துணியின் ஒரு மூலையை அவள் மடியில் போட்டு, நூல் கோர்த்த ஊசியைக் கையில் கொடுங்கள். பத்து நிமிஷம் தைத்தால் அவளுக்கே புரியலாம். புரியாவிட்டாலும் அந்த மூலையில் அவள் தையல் இருக்கும். அதை நீங்கள் கட்டாயம் பிரிக்கக் கூடாது.

படம் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்ப வேண்டாம். அனுப்பினால் எங்கள் பத்திரிகை ஆசிரியர் அட்டையில் போட்டுவிடுவார். பிறகு யாராவது விலை கேட்பார்கள்.